மடவளையின் பத்திய அடுப்பு

மகாவலி கங்கையைக் கடந்து வத்துகாமத்தை நோக்கிச் செல்லும் பாதையில், பாத்ததும்பறையின் வயல்களும் மேட்டுநிலத் தோட்டங்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அமைந்திருக்கும் மடவளை, அக்குறணையைப் போலவே, கண்டி நகரைச் சூழ்ந்துள்ள முஸ்லிம் ஊர்களுள் ஒன்றாகும். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். சற்று மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்கள், அவற்றில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள். ஆகவே இப்பகுதியில் ஒரு வீட்டில் ஒருவருக்கு வயிறு உபாதை தருமானால், சிங்கள வெதமாத்தயாவின் கஷாயமும், யூனானி ஹக்கீமின் லேகியமும், தோட்டத்துக் கிழவி சொல்லும் கைமருந்தும் ஒரே அடுப்பில் வந்து கூடுவது நெடுங்கால வழக்கமாயிருந்தது. மருந்து மூவகைப்பட்டதாயினும், மூவரும் ஒருமுகமாய் வற்புறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இன்னது உண்க, இன்னது விலக்குக, இத்தனை நாள் விலக்குக என்னும் பத்திய விதியே அது.

இங்கே கருதும் உபாதை, ரத்தம் போவதோ, ஜுரம் காய்வதோ, குடலிலே புண் உண்டாவதோ அன்று. உண்டபின் வயிறு பொருமுகிறது, புளியேப்பம் எழுகிறது, குடல் இரைகிறது, ஒருநாள் கழிச்சலும் மறுநாள் மலச்சிக்கலுமாய் மாறிமாறி வருகிறது, ஆண்டுக்கணக்கில் நீடித்தும் உயிருக்கு ஆபத்து விளைப்பதில்லை, ஆயினும் உண்ணும் இன்பத்தை அறவே கெடுத்துவிடுகிறது. குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கும் வைத்தியரும் குடற்சுவரிலே குறையொன்றையும் காண்பதில்லை. அமைப்பு செம்மையாயிருக்கச் செயல் மாத்திரம் பிறழ்வதனால், இவற்றைச் செயற்பாட்டுக் கோளாறுகள் என்று இக்கால வைத்திய சாஸ்திரம் வகுத்துள்ளது. பழைய தலைமுறையினர் வாய்வு என்றும் பொருமல் என்றும் சொன்னதை இன்றையோர் ஏறக்குறைய முழுவதுமாகக் கேஸ்ட்ரைட்டிஸ் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகின்றனர். புண்ணில்லாத நோவை நோவென்று ஏற்க மறுக்கும் மனோபாவம் வைத்தியசாலைகளிலும் குடும்பங்களிலும் இன்றுவரை உண்டு. அதனால் மனம் நொந்தவர்களை நான் நெருங்கி அறிவேன். பத்தியம் விதித்த பழைய வைத்தியரோ நோயாளியின் வாய்ச்சொல்லையே முதற் சான்றாகக் கொண்டார். நேற்று என்ன உண்டாய், எந்நேரம் உண்டாய், உண்டு எவ்வளவு நேரத்தில் பொருமிற்று என்று கேட்ட பிறகே நாடியைத் தொட்டார்.

இவ்விசாரணை முறை மிகப் பழையது. சரக சம்ஹிதை, ஜீரண சக்தியை அக்கினி என்று உருவகித்து, அது சமமாயும், தீட்சணமாயும், மந்தமாயும், விஷமமாயும் நால்வகைப்படும் என்று பிரித்தது. இவற்றுள் விஷமாக்கினி என்பது ஒருநாள் நன்கு செரித்து, மறுநாள் அதே உணவைச் செரிக்க மறுத்து, நிலையின்றித் தடுமாறும் தன்மையது. மாறிமாறி வரும் இக்குணத்தைக் கிரகணி என்னும் அத்தியாயத்திலே விரிவாக ஆராய்ந்த அந்நூல், மருந்துக்குச் சமமான இடத்தை ஆகாரத்துக்கும் கொடுத்தது. இலங்கையிலே இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வைத்தியசாலையின் இடிபாடுகளிடையே மருந்தெண்ணெயில் நோயாளியைக் கிடத்துதற்குக் குடைந்த கற்றொட்டி இன்றும் கிடக்கிறது. அதே மலையில், பிக்குகளின் போஜனசாலையிலே, சோற்றுக்கு ஒன்றும் கஞ்சிக்கு ஒன்றுமாக இரு பெருங்கற்றொட்டிகள் உள்ளன. கஞ்சிக்கெனத் தனித்ததொரு தொட்டி செதுக்கிய சமூகம், கஞ்சியைச் சோற்றுக்கு ஈடானதொரு ஆகாரமாகவே கருதிற்று என்பதில் ஐயமில்லை.

முஸ்லிம்கள் இம்மரபினுள் வந்து சேர்ந்தது இரு வழிகளில். கரையோரங்களைப் போர்த்துக்கேயர் கைப்பற்றி அவர்களை விரட்டிய 17ஆம் நூற்றாண்டில், கண்டி மன்னர்கள் அவர்களுக்குப் புகலிடம் தந்து உள்நாட்டுக் கிராமங்களில் குடியேற்றினர். பொதிமாடுகளை ஓட்டிச் செல்லும் தவளம் என்னும் போக்குவரத்துச் சேவையை, மடிகே பத்த என்ற அரச பிரிவின் கீழ் அவர்களிடம் ஒப்படைத்தனர். உப்பும் கருவாடும் மலையேறி வந்தன. பாக்கு மலையிறங்கிப் போயிற்று. பாரசீகத்துக்கும் அதற்கப்பாலும் உரிய பெருங்காயம் இத்தீவில் விளைவதன்று. கப்பலிலே துறைமுகம் வந்து, அங்கிருந்து பொதியேறியே அது மலைநாட்டு அஞ்சறைப் பெட்டியை அடைந்திருக்க வேண்டும். வியாபாரம் ஒரு வழியென்றால், வைத்தியம் மற்றொரு வழி. அரண்மனையில் பெஹெத்கே என்னும் மருந்துச்சாலைப் பிரிவிலே முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்து, அதற்கு மானியமாக நிலங்களையும் பெற்றனர். கோபால என்னும் பெயரோடு வழங்கிய வைத்தியக் குடும்பத்தைச் சேர்ந்த கோபால முதலியார், 1760ஆம் ஆண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்வதற்குச் செய்யப்பட்ட சதியை முன்னறிவித்து மன்னனைக் காத்தார் என்பது கண்டிச் சரித்திரத்திலே பிரசித்தமான செய்தி. மன்னன் உண்ணும் ஆகாரத்தையும் அருந்தும் மருந்தையும் நம்பி ஒப்படைக்கத்தக்கவராய் வேற்று மதத்தவர் ஒருவர் அரண்மனையில் இருந்தார் என்பதை, இக்கட்டுரையின் நோக்கில், சதியைக் காட்டிலும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

இவ்வைத்தியர் கொணர்ந்த யூனானி சாஸ்திரம், கிரேக்கரிடமிருந்து அரபியர் ஏற்று, இப்னு சீனா முதலியோர் ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொரு தேகத்துக்கும் ஒரு மிஸாஜ், அதாவது சுபாவச் சமநிலை, உண்டென்றும், உணவுக்கும் சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம் என்னும் குணங்கள் உண்டென்றும் அது கொண்டது. உணவாலே செய்யும் சிகிச்சையை, மருந்தாலே செய்யும் சிகிச்சைக்கு முன்னதாக வைத்தது. சீரகத்தைப் பிரதானமாகக் கொண்ட ஜவாரிஷ் கமூனி என்னும் லேகியமும், பாலில் அல்லது நீரில் ஊறவிடும் இஸப்கோல் விதையும் அதன் வயிற்று மருந்துகள். ஆயுர்வேதத்தின் வாத பித்த கபமும் இதன் நான்கு ரசங்களும் எண்ணிக்கையில் ஒவ்வாவிடினும், நோயாளியின் தட்டிலே வந்து விழும்போது அவ்விரண்டுக்கும் பேதம் அதிகமில்லை. 1929ஆம் ஆண்டில் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் ஒரே கூரையின்கீழ் போதிக்கப்பட்டன. கண்டிப் பிரதேசத்து வீடுகளின் அடுப்பங்கரையில் அக்கூட்டுறவு அதற்கு நெடுநாள் முன்பே நிகழ்ந்துவிட்டிருந்தது.

பத்தியத்தட்டில் என்ன இருந்தது என்பதை இனிக் காண்போம். விலக்கியவை: மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, அன்னாசி, கத்தரிக்காய், பலாப்பழம், கடலை, பருப்பு, கருவாடு, இறால், மாட்டிறைச்சி, எண்ணெயில் பொரித்த யாவும், கட்டித் தேங்காய்ப்பால் விட்ட கறி. கூட்டியவை: பழைய அரிசிக் கஞ்சி, குழைந்த சோறு, பிஞ்சுக் காய், புடலங்காய், சிறு மீன், மிளகு, சீரகம், இஞ்சி, கொத்தமல்லி, வெள்ளைப்பூடு, தண்ணிப்பால் அல்லது மோர். இப்பட்டியலை நெடுநேரம் உற்றுநோக்கிய எனக்கு ஒன்று புலப்பட்டது. விலக்கியவற்றுள் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, 1505க்குப் பின் ஐரோப்பியர் இத்தீவுக்கு வந்த காலத்தில் படிப்படியாக நுழைந்தவை. கூட்டியவற்றுள் அப்படி நுழைந்த பொருள் ஒன்றுகூட இல்லை. கத்தரியும் பலாவும் புராதனமானவையாயினும் விலக்கப்பட்டன என்பது மெய்யே; ஆகையால் இதனை விதியென்று கொள்ள முடியாது. எனினும் பத்திய அடுப்பு என்பது, மிளகாய்க்கு முற்பட்ட சமையலறையை நோயாளியின் பொருட்டு வீட்டின் ஒரு மூலையிலே காப்பாற்றி வைத்தது என்று சொல்வது பிழையாகாது.

1660 முதல் 1679 வரை கண்டி ராஜ்யத்திலே சிறையிருந்து, பின் தப்பியோடி, 1681இல் தன் அனுபவத்தை நூலாக்கிய ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, மலைநாட்டுக் குடியானவர் சோறும் உப்பும் வீட்டிலிருந்தால் குறையொன்றுமில்லை என்று எண்ணினர் என்றும், சில பச்சிலையும் எலுமிச்சஞ் சாறும் மிளகும் சேர்ந்தால் அதுவே அவர்களுக்குத் திருப்தியான போஜனமென்றும் எழுதியிருக்கிறார். அவர் கண்ட அன்றாட உணவு, நம் காலத்தின் பத்திய உணவு. முந்நூறு ஆண்டுகளில் அன்றாடத் தட்டு விரிந்து, எரிந்து, எண்ணெய் பூண்டு வளர்ந்தது. நோயாளியின் தட்டு மட்டும் நின்ற இடத்திலே நின்றது.

அத்தட்டுக்கு உரிய கொத்தமல்லித் தண்ணீர் செய்யும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர் மறக்கமாட்டார். மண்சட்டியை வெறுமையாகச் சூடேற்றி, ஒரு பிடி கொத்தமல்லியை அதில் இட்டு, ஓரிரண்டு மணிகள் வெடித்து வாசம் கிளம்பும்வரை அசைத்து வறுப்பார் உம்மும்மா. கருகலாகாது, கருகினால் கசக்கும் என்று, பார்த்துக்கொண்டிருக்கும் பேத்தியிடம் சொல்வார். அம்மியிலே நைத்த இஞ்சித் துண்டு ஒன்று சேரும்; மூன்று கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாகச் சுண்டும்வரை எரிதணல் குறைவாகவே இருக்கும். வெறும் வயிற்றிலன்று, கஞ்சி குடித்து அரைமணி நேரம் சென்ற பிறகே அதனைக் குடிக்கக் கொடுப்பார். சிங்கள அயல்வீடுகளிலே இதே பதத்தில் வில்வம்பூவை அவித்துப் பெலிமல் என்று அருந்துவர். வில்வக்காயை உலர்த்திக் கழிச்சலுக்குக் கொடுக்கும் முறையையோ 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வைத்தியரும் கைக்கொண்டனர். அக்காய் பிரித்தானிய மருந்து நூலிலேயே இடம்பெற்றது.

பத்தியத்தின் பாதியை மட்டுமே இதுவரை சொன்னேன். மற்றப் பாதி, என் கருத்தில், முதற் பாதியைவிட முக்கியமானது. அதுவே எல்லாவற்றுக்கும் முன்னர் மறக்கப்பட்டது. பத்தியத்துக்கு முடிவுநாள் ஒன்று உண்டு. மூன்று நாள், ஏழு நாள், நாற்பது நாள் என்று வைத்தியர் குறித்த தவணை கழிந்தபின், பத்தியம் முறித்தல் என்னும் சடங்கு நடைபெறும்; அன்று தொட்டு விலக்கிய பொருள்கள் திரும்பி வரும், ஆனால் ஒருசேர அல்ல. ஆயுர்வேதம் இதனை ஒரு கிரமமாகவே வகுத்திருந்தது: முதலிலே நீர்த்த கஞ்சி, அடுத்து அடர்ந்த கஞ்சி, அதன்மேல் உப்பும் நெய்யும் சேராத பயற்று ரசம், பின் அவை சேர்த்த ரசம், ஈற்றிலே மாமிச ரசம், அதற்கு மேலே அன்றாடச் சோறு. ஒவ்வொரு படியிலும் வயிறு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று வைத்தியர் பார்த்தார்; ஒவ்வாதது எதுவென்று அப்படியிலே தெரிந்துவிட்டது. விலக்கலின் பயன் ஓய்வு. திரும்பச் சேர்த்தலின் பயன் அறிவு. பத்துப் பொருளை விலக்கி நலம் பெற்றவருக்கு, அப்பத்தில் பகைத்தது எது என்று தெரியாது. ஒவ்வொன்றாய் மீட்டவருக்கே அது தெரியும்.

மேற்கத்திய வைத்தியம் இந்த இடத்தை வந்தடைந்த பாதை நேரானதன்று. 1849இல் வில்லியம் கமிங் என்னும் ஆங்கில வைத்தியர், ஒரே நோயாளியிடம் கழிச்சலும் மலச்சிக்கலும் மாறிமாறித் தோன்றுவதைக் கண்டு வியந்தார். 1944இல் எரிச்சலுறும் குடல் என்ற கருத்து அமெரிக்க வைத்திய ஏடுகளில் பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நாரில்லாத மிருதுவான உணவை விதித்தவர்கள், 1970களிலே டெனிஸ் பேர்க்கிற் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த கருத்தினால் மனம் மாறி, கோதுமைத் தவிட்டை எல்லா வயிற்றுக்கும் கொடுத்தனர். 1994இல் மான்செஸ்ரரில் நோயாளிகளையே வினவிப் பார்த்தபோது, தவிட்டினால் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் அதிகமாய் வருந்தினர் என்று கண்டனர். கரையும் நாராகிய இஸப்கோல் மட்டும் அப்பரீட்சைகளையெல்லாம் தாங்கி, இன்றைய வைத்திய வழிகாட்டிகளிலும் நிற்கிறது. யூனானி ஹக்கீமின் பெட்டியிலே முன்பே இருந்த விதை அது.

குடல் ஏன் நோகிறது என்பதும் மெல்லத் தெளிந்தது. 1973இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ரிச்சி என்பவர் பெருங்குடலின் அடிப்பகுதியிலே சிறு பலூன் ஒன்றை ஊதிப் பார்த்தார். ஆரோக்கியமானவர்களுக்கு நோவு தராத விரிவு, இக்கோளாறுடையவர்களுக்கு நோவாக உணரப்பட்டது. வாயு எல்லார் வயிற்றிலும் உண்டு. அதனை உணரும் நரம்புகள் சிலரிடம் கூர்மையடைந்துள்ளன. 1980களில் அமெரிக்காவிலே மைக்கேல் லெவிட்டும் அவர் சகாக்களும், உணவு உண்டவரின் சுவாசத்திலே வெளிப்படும் ஹைட்ரஜன் வாயுவை அளந்து, கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, அவரை வகைகள் யாவும் பெருங்குடலிலே புளித்து வாயுவை எழுப்புகின்றன, அரிசியோ ஏறக்குறைய முற்றாகச் சிறுகுடலிலேயே செரிக்கப்பட்டுவிடுகிறது என்று காட்டினர். மிகிந்தலையின் கஞ்சித் தொட்டிக்கும் மடவளையின் பத்தியக் கஞ்சிக்கும் இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

மெல்பேணிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பீற்றர் கிப்சனும் சூ ஷெப்பேர்டும் 2005 அளவில் இவற்றையெல்லாம் ஒரு கொள்கையாகத் தொகுத்தனர். குடலால் நன்கு உறிஞ்சப்படாத சிறு சர்க்கரைகளும், கோதுமை வெங்காயம் வெள்ளைப்பூடு ஆகியவற்றிலுள்ள பிரக்டான்களும், பருப்பு கடலை வகைகளிலுள்ள சர்க்கரைத் தொடர்களும், பாலிலுள்ள லக்டோஸும் நீரைக் குடலுக்குள் இழுத்து, பக்டீரியாவினால் புளித்து, வாயுவாகி, கூர்மையடைந்த குடலை விரிக்கின்றன. இவற்றை ஃபொட்மப் என்று தொகுத்து வழங்கினர். 2014இல் அவர்கள் குழுவினர், கோளாறுடைய 30 பேருக்கும் ஆரோக்கியமான 8 பேருக்கும் ஏறக்குறைய எல்லா உணவையும் தாமே கொடுத்து, 21 நாள் ஒருவகை, 21 நாள் மற்றொருவகை என்று பரீட்சித்தபோது, இவை குறைந்த உணவிலே கோளாறுடையவர்களின் உபாதை தெளிவாகத் தணிந்தது. இச்சிகிச்சை மூன்று படிகளைக் கொண்டது: இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கல், பின் ஒவ்வொன்றாய் மீட்டுப் பார்த்தல், ஈற்றிலே அவரவர்க்குரிய தட்டை நிலைநிறுத்தல். ஆயுள் முழுவதும் விலக்கியிருத்தல் கூடாது என்றும், அதனால் குடலுக்கு நன்மை செய்யும் பக்டீரியாவே குறைந்துவிடும் என்றும் அவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றனர். பத்தியம் முறித்தல் என்னும் அறிவு, இரசாயனச் சாலையின் வழியாக வேறொரு கண்டத்திலிருந்து நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

எல்லாவிடத்திலும் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்வது நேர்மையாகாது. வெள்ளைப்பூட்டை வாய்வு நீக்கி என்று நம் முன்னோர் கஞ்சியிலே தாராளமாக இட்டு அவித்தனர். பிரக்டான் நீரில் கரைவதாகையால், அக்கஞ்சி சிலருக்கு வாய்வை எழுப்புவதே அதிகம். எண்ணெயில் அது கரையாது. ஆகவே வெள்ளைப்பூட்டை எண்ணெயிலே தாளித்து, பூட்டை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் சேர்த்தால் வாசமும் உண்டு, உபாதையும் இல்லை. உருளைக்கிழங்கை வாய்வென்று விலக்கியதற்கு இக்கொள்கையில் ஆதாரமில்லை. லெவிட்டின் பரீட்சை ஒருபுறம் நிற்க, மொனாஷ் பட்டியலில் அது ஏற்கத்தக்க உணவே. மிளகாயைப் பொறுத்தவரை முன்னோர் பக்கமே உண்மை: அதன் காரப்பொருள், சூட்டையும் நோவையும் உணர்த்தும் அதே நரம்புவாயிலைத் தட்டுகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் கண்டறிந்தார், அதற்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. பொரியலையும் கட்டிப்பாலையும் விலக்கியதும் சரியே. கொழுப்பு சிறுகுடலை அடைந்தவுடன் இரைப்பை வெறுமையாவது தாமதிக்கிறது, மேல்வயிற்றுக் கனம் கூடுகிறது. பருப்பை ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடும் வழக்கம் சர்க்கரைத் தொடர்களிற் கணிசமான பங்கை நீரோடு போக்கிவிடுகிறது. கற்றறியாத கைகள் காலத்தால் திருந்திக் கண்ட முறைகள் இவை. பிழைகளும் உள, மெய்களும் உள.

பழைய வைத்தியர் ஒருவரும் விலக்கும்படி சொல்லாத ஒரு பொருள், இன்று மடவளைக் கடைவீதியை நிறைத்திருக்கிறது. கோதுமை மாவு முன்பும் வந்தது. 1880இல் மாத்தளைக்கு ரயில் ஓடத் தொடங்கி வத்துகாமத்திலே நிலையம் அமைந்தபின் அதன் வரவு எளிதாயிற்று. ஆயினும் அது பலகாரத்துக்குரிய பொருளாகவே இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகி, பர்மா அரிசி நின்றபோது, இலங்கை அரிசிக்குப் பங்கீடு விதித்து, மக்களைக் கோதுமை மாவுக்குப் பழக்கிற்று. யுத்தம் ஓய்ந்தும் பாண் ஓயவில்லை. 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நாடே ஹர்த்தாலில் கொந்தளித்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் பாணும் கிடையாமல் விடியுமுன்பே வரிசையில் நின்றவர்கள், மரவள்ளிக்கிழங்கை மூன்று வேளையும் உண்டவர்கள் இன்றும் நம்மிடையே உளர். 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் தட்டுப்பாடு தீர்ந்தது; மாவு மலைமலையாய் வந்தது. காலையிலே பாண், பத்து மணிக்கு மாலுபாண், மாலையிலே ரோல்ஸ், இரவிலே கொத்து என்று ஒரு மனிதன் சோற்றை மத்தியான வேளைக்கு மட்டும் ஒதுக்கி நாளைக் கழிக்க முடிகிறது. எல்லா வயிறும் இதனால் கெடுவதில்லை. பெரும்பாலோர்க்கு ஒன்றுமே நேர்வதில்லை. கூர்மையடைந்த குடலுடையோருக்கோ, மூன்று தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் சிறியதன்று. பத்தியச் சட்டத்தில் பாணுக்கு இடமில்லாததன் காரணம், அச்சட்டம் வகுத்தவர் காலத்தில் பாண் இல்லாமையே.

நோன்பு மாதம் இவ்விரு தட்டுகளையும் ஒரே மாலையில் சந்திக்க வைக்கிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும், பின் பள்ளிவாசலிலிருந்து வாளியில் வரும் நோன்புக் கஞ்சி: அரிசி, வெந்தயம், வெள்ளைப்பூடு, இஞ்சி, ரம்பை, தண்ணிப்பால், சிறிது இறைச்சி. பகலெல்லாம் ஓய்ந்த இரைப்பைக்கு இதைவிட இணக்கமான முதலுணவு அரிது. அதே பாயிலே அடுத்த தட்டில் கோதுமை மாவில் உருட்டி எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் பெட்டிஸும் சமோசாவும் அடுக்கியிருக்கும்; அரைமணி நேரத்தில் இரண்டும் உள்ளே சேரும்; தராவீஹ் தொழுகையில் வரிசையிலே நிற்கையில் பொருமல் தொடங்கும். அவ்வேளையில் கஞ்சியைக் குறைகூறுபவரைக் கண்டிருக்கிறேன். கஞ்சி பல நூற்றாண்டு பரீட்சிக்கப்பட்ட பொருள். பக்கத்துத் தட்டையே முதலில் ஐயுற வேண்டும்.

உணவு மாத்திரமே காரணமென்று கொள்வதும் தவறு. களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்திலிருந்து ஷமன் ராஜீந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் இலங்கைப் பாடசாலைச் சிறாரிடையே செய்த ஆராய்ச்சிகள், வீட்டிலும் பாடசாலையிலும் நேரும் மனநெருக்கடி இவ்வுபாதைகளோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டின. 2016இல் ரோம் அறக்கட்டளை என்னும் வைத்தியர் அமைப்பும் இவற்றைக் குடலுக்கும் மூளைக்கும் இடைப்பட்ட கோளாறுகள் என்றே மறுபடி வரையறுத்தது. பத்தியம் இருப்பவரை வீட்டார் தனியே உட்காரவைத்து, அவர் பொருட்டுத் தனிச்சட்டி வைத்து, நாள்தோறும் எப்படியிருக்கிறது என்று கேட்ட அந்தக் கவனிப்பிலேயே சிகிச்சையின் ஒரு பகுதி இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரத்தம் கலந்து போதல், எடை குறைதல், சோகை பிடித்தல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாய்த் தொடங்குதல் ஆகியவை மட்டும் பத்தியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இவற்றுள் ஒன்றேனும் உள்ளவர்கள் தாமதமின்றிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இன்று மடவளையில் எனக்குத் தெரிந்த பலர் விலக்கலைக் கடைப்பிடிக்கின்றனர். முறித்தலைக் கடைப்பிடிப்பவரோ மிகச் சிலர். ஒரு முறை பருப்பினால் பொருமியவர் பருப்பை என்றென்றைக்கும் விட்டார். பாலால் ஒருநாள் கழிந்தவர் தயிரையும் விட்டார், தயிரிலே லக்டோஸ் குறைவென்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளில் தட்டு சுருங்கிச் சோறும் ஒரு துண்டு மீனும் மட்டுமாகி, முகம் வெளிறி, விருந்துக்குப் போக அஞ்சும் பெண்கள் உளர். பழைய வைத்தியர் வந்து பார்த்தால் முதலில் கேட்பது, எப்போது முறித்தாய் என்பதாகவே இருக்கும்.

முறித்தல் கிரமம் முழுமையாய் உயிர்தரித்திருக்கும் இடம் ஒன்றே ஒன்று: பிரசவித்த தாயின் நாற்பது நாள். மிளகும் சீரகமும் வெள்ளைப்பூடும் அரைத்த பத்தியக்கறியோடும் குழைசோற்றோடும் தொடங்கும் அந்நாட்கள், நாற்பது நிறைந்ததும் முடிவடைகின்றன என்பதில் எந்த வீட்டிலும் சந்தேகமில்லை. முதலிலே ஊறவைத்து வடித்த பருப்பு, சிறிதளவு, இரண்டு நாள் தாயின் வயிற்றையும் பிள்ளையின் அழுகையையும் கவனித்த பின் கீரை, அடுத்து இறைச்சி, அதன் பின்னரே மிளகாய், அதுவும் பாதிக்காரம், பலாப்பழம் எல்லாவற்றுக்கும் கடைசியில். இன்ன நாளில் இன்னது கொடுத்தோம், பிள்ளை அன்றிரவு தூங்கிற்று, மறுநாள் சிணுங்கிற்று என்று உம்மும்மாமார் வாய்க்கணக்காய் வைத்திருப்பதை, போஷாக்கு நிபுணர் ஒருவர் நோயாளிக்குக் கொடுத்தனுப்பும் உணவுக் குறிப்புப் புத்தகத்தோடு பக்கம் பக்கமாய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வேளைக்கு ஒரு பொருள், அடுத்த பொருளுக்குமுன் இரண்டு மூன்று நாள் இடைவெளி, அளவிலே சிறிதிலிருந்து பெரிது என்னும் மூன்றும் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன.